ஏழு தூதர்களுக்கு ஒரு குழம்பு

சபையில் என்னை "அடுப்பூதுற பயல்" என்று முதலில் ஏசியவர் மந்திரி வரகுணர்.

அந்த வருஷமும் ஏழுநாட்டுக் கூட்டமைப்பில் எங்கள் ஓடைநாட்டைச் சேர்க்காவிட்டால் எல்லைச் சந்தையை மூடிவிடுவார்கள். ஒன்பதாம் முறையாக வந்த தூதர்களின் தலைவர் புது நிபந்தனை போட்டார்.

"எங்கள் ஏழு பேருக்கும் பிடித்த ஒரே குழம்பு வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் சேர்க்கமாட்டோம்."

வரகுணர் அடுப்படிக்கு ஓடிவந்தார். "இருளாண்டி, காப்பாற்றுடா! சபையிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்."

உப்பில்லாத குழம்போடு போய் நின்றேன். "எத்தனை கை உப்பு என்று ஏழு பேரும் சேர்ந்து சொல்லுங்கள் சாமி, போடுகிறேன்."

பொழுது சாயும்வரை பசியோடு தங்களுக்குள் சண்டை போட்டார்கள்.

"உப்பிலேயே ஒத்துப்போகாத கூட்டமைப்பு என்று சந்தையில் சொல்லட்டுமா, சாமி?"

தலைவர் எங்களைச் சேர்க்கும் ஓலையில் அவசரமாக முத்திரை குத்தினார்.

"யோசனை என்னுடையது" என்றார் வரகுணர், மன்னரிடம். பதினாறு வருஷமாகிறது. இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.