மணல் உரசிய வயிறு

மனிதன் பூமியில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, வெதுவெதுப்பான ஒரு காயலில் சுறாக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. பெருந்தாடையன் அதன் தலைவன். இரை தானாக வாய்க்கு வந்ததால், அது கடலுக்குப் போகும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தே பல காலம் ஆகியிருந்தது. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவதில் அதற்கு அவ்வளவு பெருமை!

ஒருநாள், கூட்டத்தைச் சேர்ந்த நிறைசூலியான புள்ளிச்சி என்ற சுறா கடலிலிருந்து காயலுக்குத் திரும்பியது. வாசலில் அடிமணல் அதன் வயிற்றை உரசியது. புள்ளிச்சி நேரே தலைவனிடம் விரைந்தது.

"தலைவரே! கடல் குளிர்ந்துகொண்டே போகிறது. தண்ணீரும் இறங்குகிறது. வாசல் அடைபடுவதற்குள் வெளியேறுவோம்!"

"வாசல் சிறுக்கவில்லையடி, உன் வயிறுதான் பெருத்திருக்கிறது!" என்றது பெருந்தாடையன். கூட்டமே சிரித்தது.

"நீங்களே ஒருமுறை வந்து பாருங்களேன்!"

"என் பாட்டனுக்குப் பாட்டன் பிறந்த காயல் இது! நான் போய்ச் சோதிப்பதா? விட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்தால் கடித்துக் குதறுவேன்!"

புள்ளிச்சி தன் வயிற்றுக் குட்டிகளை நினைத்தது. வாசலை நோக்கி விரைந்தது. அதற்குள் நீர் இன்னும் வற்றியிருந்தது. பாதி வழியில் மணலில் சிக்கிக்கொண்டது. முதுகில் வெயில் சுட்டது. செவுள் காய்ந்தது. மூச்சுத் திணறியது.

"தள்ளுங்கள்! எல்லோரும் தள்ளுங்கள்!" என்று பின்னால் குரல் கேட்டது. சிரித்த அதே சுறாக்கள்தான்! வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்து, வாசலைக் கண்ணால் பார்த்ததும் அவற்றின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஓர் அலை வந்தது. புள்ளிச்சி வெளியே வழுக்கி விழுந்தது. மற்றவையும் வயிறு தேயத் தேயத் தப்பின.

வெளியே உடல் விறைக்கும் குளிர். பழகாத இரை. பெரிய சுறாக்கள் தவித்துப் போயின. அங்கேதான் புள்ளிச்சி குட்டிகளை ஈன்றது. குட்டிகளுக்கோ குளிரே தெரியவில்லை. அவற்றுக்குப் பிறந்த வீடு அதுதானே!

சில நாள் கழித்து, மனம் கேட்காமல் புள்ளிச்சி காயல் பக்கம் வந்தது. வாசல் இருந்த இடத்தில் மணல்மேடுதான் இருந்தது.

"வழி விடு! நான் பெருந்தாடையன்!" என்று மேட்டுக்கு அப்பால் குரல் கேட்டது. மணல் நகரவில்லை.

புள்ளிச்சி துடித்தது. "தலைவரே!"

"நீயா! நீ எப்படிப் போனாய்?"

"வாசல் இருந்தபோது போனேன், தலைவரே!"

காலம் மாறும்போது தானும் மாறாதவனைப் பழம்பெருமை காப்பாற்றாது.