துணைச்சி கை படாத இழைகள்

அந்தக் காலத்தில் மானும் பேசும், மானின் தொடைக்குள் இருப்பவையும் பேசும். ஒரு புள்ளிமானின் பின்னங்கால் தசைக்கு வல்லான் தலைவன். இழைகளைச் சேர்த்து இழுப்பது அவன் வேலை. அவன் இழுத்தால்தான் மான் ஓடும். அதை அவன் மறந்ததில்லை, பிறரை மறக்க விட்டதுமில்லை.

அதே தசையில் துணைச்சி என்றொருத்தி இருந்தாள். புதிதாகப் பிறக்கும் இழை உருவமில்லாமல் துவண்டு கிடக்கும். சரியாக மடிந்து உருவம் பெறும்வரை அவள் அதைக் கையில் பிடித்திருப்பாள். பிறகு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். கெட்டுப்போன இழைகளை அகற்றுவதும் அவள்தான்.

ஒரு கோடையில் வல்லான் அவளை மறித்தான்.

"ஏம்மா, நீ ஒரு நாளாவது இழுத்திருக்கியா?"

"இல்லண்ணே. பிடிச்சு மடிச்சு விடுறேன்."

"இழுக்கிறவங்களுக்கே இங்க இடம் பத்தல. நீ கிளம்பு."

துணைச்சி போய்விட்டாள். பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? அவள் மடித்துவிட்டுப் போன இழைகள்தானே இழுத்துக்கொண்டிருந்தன. இந்த அறிவாளி தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான். பழையவை தேயத் தேய, புதியவை தம் இஷ்டத்துக்குக் கோணலாக மடிந்து அந்த இடத்தில் உட்கார்ந்தன.

பதினோராம் நாள், புல்லில் படுத்திருந்த அந்த மானின் குட்டியை நோக்கிச் சிறுத்தை பாய்ந்தது. குறுக்கே ஓடி அதைத் தன் பக்கம் திருப்பத் தாய்மான் துள்ளியது. இரண்டாம் துள்ளலில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"இழுடா வல்லா, என் பிள்ளை!"

வல்லான் உயிரைக் கொடுத்து இழுத்தான். ஓர் இழைகூட நகரவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. காலையில்கூட நன்றாக நடந்த கால் அது.

தசை கொதித்த சூடு தெரிந்து துணைச்சி ஓடி வந்தாள். ஒரே ஒரு கட்டியைப் பிரித்திருப்பாள். அதற்குள் சிறுத்தை குட்டியோடு மரமேறிவிட்டது.

"எனக்கு எங்க காயம்?" என்று கேட்டது மான்.

துணைச்சிதான் பதில் சொன்னாள்: "காயமே இல்லம்மா."

அந்த நாளிலிருந்துதான், தசை உழைத்துச் சூடேறினால் கூப்பிடாமலே துணைச்சியின் கூட்டம் பெருகி வருகிறது. நாம் அவர்களைத் துணைப்புரதங்கள் என்கிறோம். அவர்கள் கை ஓய்ந்த உடம்பில்தான், ஒரு கீறல்கூட இல்லாமல் கால் விழுந்துபோகிறது.