ஐந்து முடிச்சுக் கூடு

ஆனைக்குளத்தின் கரையில் ஒரு வேலமரம் நின்றது. அதன் கிளை ஒன்றில் வரிசையாகக் கூடுகள் தொங்கின. ஆனால் அவற்றில் ஒரு குருவிகூடக் குடியிருக்கவில்லை. அவை குடியிருக்கக் கட்டிய கூடுகள் அல்ல. பார்த்துக் கட்டுவதற்காகத் தொங்கவிட்ட மாதிரிக் கூடுகள்.

அந்தக் காட்டுத் தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அது. கூடு கட்டுவதில் யாருக்காவது ஒரு நல்ல யோசனை தோன்றினால், அதைத் தன்னோடு பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மாதிரி கட்டி இந்தக் கிளையில் தொங்கவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், எட்டிப் பார்க்கலாம், அதைப் போலவே கட்டிக்கொள்ளலாம். அதற்காக யாரும் யாரிடமும் ஒரு நெல்மணிகூடக் கேட்கமாட்டார்கள்.

முதல் மாதிரி வெறும் கிண்ணம். அது தொங்கிய நாரில் ஒரு முடிச்சு. அதில் மழை கொட்டியதால் கூரை போட்டார்கள். நாரில் இரண்டு முடிச்சு. பாம்பு நுழைந்ததால் கீழ்நோக்கி நீளமாக ஒரு குழாய் வாசல் வைத்தார்கள், மூன்று முடிச்சு. நான்காவது மாதிரியில் யாரோ ஒரு குருவி உள்ளே களிமண் உருண்டைகளை ஒட்டியிருந்தது. அந்தக் குருவி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. மண் எதற்கு என்று அது சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. கூடு நன்றாக இருந்தது. எல்லோரும் மண்ணோடு சேர்த்தே கட்டினார்கள்.

அந்தக் கிளைக்கு ஒரே ஒரு சட்டம்தான். தொங்கவிட்டதைத் தொடாதே; திருத்தம் தோன்றினால் பக்கத்தில் புதிதாக ஒன்றைத் தொங்கவிடு.

இந்தச் சட்டத்தைக் காக்க மினுக்கி என்ற மைனாவை வைத்திருந்தார்கள். மினுக்கிக்குக் கூடு பின்னவே தெரியாது. அதே மரத்தின் அடியில் ஒரு பொந்தில் குடியிருந்தாள். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னத் தெரிந்தவளாக இருந்தால் அலகு சும்மா இருக்குமா? ஆனால் மினுக்கிக்கு வேறொரு வியாதி இருந்தது. பார்க்கிற இடமெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். பொந்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை பெருக்குவாள். ஒரு சருகு விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கோடைக்காலத்தில் நாரன் என்ற தூக்கணாங்குருவி ஐந்தாவது மாதிரியோடு வந்தான்.

"மினுக்கியக்கா! பாருங்க! மண்ணே இல்லை! இறகு மாதிரி லேசு! கட்டுறதுக்குப் பாதி நேரம்கூட ஆகலை!"

"அடேங்கப்பா! எவ்வளவு வழவழப்பா இருக்கு!" என்று மினுக்கி வாயைப் பிளந்தாள்.

ஐந்து முடிச்சுப் போட்டுக் கூடு தொங்கியது. குருவிகள் வந்து பார்த்தன, மெச்சின, போய் அப்படியே கட்டின. நாரனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் குன்றிலிருந்து ஒரு மயில் தண்ணீர் குடிக்க வந்தது. கிளையை மேலும் கீழும் பார்த்தது.

"மாதிரிக் கிளைன்னு பெரிசாப் பேசிக்கிட்டாங்களே, இதுதானா? அந்தக் கடைசிக் கூடு அழகா இருக்கு. மத்ததெல்லாம் என்ன? குப்பைமேட்டிலிருந்து பறந்து வந்து மாட்டிக்கிச்சா?"

மினுக்கிக்கு உச்சி முதல் கால்வரை எரிந்தது. மயில் போன பிறகும் எரிந்தது. அந்த எரிச்சல் மயில்மேல் திரும்பியிருந்தால் நல்லது. அது பழைய கூடுகள்மேல் திரும்பியது.

அவள் கிளையில் ஏறினாள். ஒரு முடிச்சு நாரை வெட்டிக் கூட்டைக் கரையில் போட்டாள். பிறகு இரண்டு முடிச்சு. நாரனின் மனைவி மஞ்சி பதறிக்கொண்டு பறந்து வந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன்!"

"தொங்கவிட்டதைத் தொடக்கூடாதே! நீங்கதானே சட்டம் பேசுவீங்க?"

"கூட்டை எங்கே தொட்டேன்? நாரைத்தானே வெட்டுறேன்!"

"அது பாட்டுக்குத் தொங்கிட்டிருந்துது. உங்களுக்கு என்ன, நீங்களா அதைத் தாங்கிப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க?"

"புதுசு வந்தாச்சு, மஞ்சி. இனிமே பழசை யார் எட்டிப் பார்க்கப்போறா?"

நாரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குறுக்கே வந்தான். "அக்கா சொல்றது சரிதான்! என் கூட்டைவிட நல்ல கூடு இனிமே வரப்போறதில்லை!"

மஞ்சி இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான்கு பழைய கூடுகளும் கரையில் கிடந்தன. தொந்தி என்ற பெருச்சாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். "யாருக்கும் வேண்டாமா? நமக்கு மெத்தைக்கு ஆச்சு!" என்று ஒவ்வொன்றாகத் தன் வளைக்குள் இழுத்துப் போனான்.

கிளையில் ஒரே ஒரு கூடு தொங்கியது. மினுக்கி எதிர்க்கரையில் போய் நின்று அழகு பார்த்தாள். அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சில்லைக்குருவி ஒன்று வந்தது. "அக்கா, அந்த ரெண்டு முடிச்சுக் கூடு எங்கே? எனக்குக் குழாயெல்லாம் பின்ன வராது. கூரை மட்டும் போட்டாப் போதும்."

"இருக்கிறதைப் பார்த்துக் கட்டு!" என்றாள் மினுக்கி. சில்லை முணுமுணுத்துக்கொண்டே போனது. அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழையோடு வாடைக்காற்றும் குளத்தைத் தாண்டி வந்து மோதியது. எதிர்க்கரைப் பனைமரத்தில் நாரனும் மஞ்சியும், அவர்கள் சொந்தபந்தம் முழுவதும் குடியிருந்தார்கள். எல்லாம் ஐந்து முடிச்சுக் கூடுகள். எல்லாம் இறகு மாதிரி லேசு. காற்றில் அத்தனையும் பம்பரமாகச் சுற்றின. ஒரு கூட்டிலிருந்து முட்டை ஒன்று தெறித்துக் குளத்தில் விழுந்தது. அந்தத் தாய்க்குருவி கதறிய கதறலைக் கேட்டு மரமே அடங்கிப்போனது.

மஞ்சி தன் முட்டைகள்மேல் சிறகை விரித்துப் படுத்துக் கிடந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் இரை இல்லை. எழுந்தால் முட்டைகள் உருண்டுவிடும். எழாவிட்டால் அவளே துவண்டுவிடுவாள்.

"மண்ணு! அந்த மண்ணு கனத்துக்காக வச்சது!" என்று வெளியே நாரன் அலறினான்.

"இப்பவாவது தெரிஞ்சுதே! போய் எடுத்துட்டு வா!"

நாரன் களிமண் கொண்டுவந்து அடியில் ஒரு பக்கமாக அப்பினான். கூடு அந்தப் பக்கம் சாய்ந்தது. "அய்யோ, முட்டை! எடு, எடு!" என்று மஞ்சி கத்தினாள். மறுபக்கமும் கொஞ்சம் அப்பினான். தொங்கிய நார் நறநறவென்றது. அதையும் பிய்த்து எடுத்தான்.

"எங்கே வைக்கணும்? எவ்வளவு வைக்கணும்? உனக்கே தெரியாதா? வருஷா வருஷம் நீதானே கட்டினே!" என்று மஞ்சி கேட்டாள்.

"பார்த்துப் பார்த்துக் கட்டினேன், மஞ்சி! எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? அதான் அங்கே தொங்கிட்டிருந்துதே!"

மற்ற குருவிகளைக் கேட்டார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். போன வருஷத்துக் கூடுகளையாவது பார்க்கலாம் என்றால், அவற்றைக் கோடைக்காற்று எப்போதோ உதிர்த்துக் குளத்தில் கரைத்துவிட்டது.

நாரன் நனைந்துகொண்டே மாதிரிக் கிளைக்குப் பறந்து வந்தான். "மினுக்கியக்கா! நாலாவது கூடு எங்கே? ஒரே ஒரு தடவை பார்க்கணும்! மஞ்சியால இன்னும் ரொம்ப நேரம் தாங்க முடியாது!"

மினுக்கி தன் பளிச்சென்ற கிளையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுத்தமான ஓர் இடத்தைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இங்கேயே இரு!" என்று சொல்லிவிட்டு நேரே தொந்தியின் வளைக்கு ஓடினாள்.

"தொந்தியண்ணே! அந்தக் கூடுகள்!"

"எந்தக் கூடு? ஓ, மெத்தையா!" தொந்தி கொட்டாவி விட்டான். "கடிச்சுக் குதறிப் போட்டாச்சு. முழுசா விரிச்சா தூக்கம் வருமா?"

"நாலுமா?"

"மூணு. நாலாவதைப் பத்திப் பேசாதே! உள்ளே கட்டி கட்டியா என்னவோ இருக்கு. ஒரு தடவை படுத்தேன், முதுகு போச்சு! மூலையிலே தூக்கி எறிஞ்சிட்டேன்."

மினுக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "குடுங்கண்ணே! மஞ்சியோட முட்டைங்க போயிடும்!"

"குடுக்கலாம். ஆனா என் வளையைப் பாரு, தண்ணி ஏறுது. உன் பொந்து நல்லாக் காய்ஞ்சு கிடக்குமே?"

மினுக்கி தன் பொந்தை நினைத்தாள். அதில் தூசி இல்லை, ஈரம் இல்லை. பெருச்சாளியின் சேற்றுக் காலையும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

"மழை விடுற வரைக்கும்தானே?"

"மழை விடுற வரைக்கும். கொஞ்சம் குறட்டை விடுவேன்."

"எடுத்துக்குங்க!" என்று சொல்லிவிட்டுக் கூட்டைக் கவ்விக்கொண்டு பறந்தாள். கூடு கனத்தது. காற்று அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. விடவில்லை. நாரனும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாகப் பனைமரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நாரன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். "சின்னச் சின்ன உருண்டை! அடியிலே இல்லை! வாசலை ஒட்டி, ரெண்டு பக்கச் சுவரிலேயும் சமமா!"

அப்படியே ஒட்டினான். ஒவ்வொரு உருண்டைக்கும் கூட்டின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடைசியில் அது தொட்டில்போல ஆடியதே தவிரச் சுற்றவில்லை. மஞ்சி மெல்ல ஒரு சிறகைத் தூக்கினாள். முட்டைகள் அசையவில்லை. மறு சிறகையும் தூக்கினாள். பிறகு வெளியே வந்து, ஒரு வெட்டுக்கிளியை முழுசாக விழுங்கிவிட்டு, நாரனையும் மினுக்கியையும் மூச்சு வாங்கும்வரை திட்டினாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். மற்ற குருவிகள் வரிசையாக வந்து அந்தப் பழைய கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மண் எடுக்க ஓடின.

காற்று தணிந்ததும் மினுக்கி நான்கு முடிச்சுக் கூட்டை அதன் பழைய இடத்திலேயே தொங்கவிட்டாள். முதல் மூன்று இடங்களில் வெறும் நார்களை முடிச்சோடு கட்டினாள். அவற்றில் கூடு இல்லை, இனி வரவும் வராது. 

மயில் மறுபடியும் வந்தது. "என்னம்மா, மறுபடியும் குப்பையை மாட்டிட்டே?"

மினுக்கி சொட்டச் சொட்ட நனைந்தபடி கிளையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பொந்திலிருந்து குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. "ஆமாங்க! எங்க முட்டைகளை இந்தக் குப்பைதான் காப்பாத்திச்சு! நீங்க தோகை நனையறதுக்குள்ளே வீடு போய்ச் சேருங்க!"

சில நாள் கழித்து நாரன் ஆறு முடிச்சுக் கூட்டோடு வந்தான். லேசான பின்னல், உள்ளே சரியான இடத்தில் மண். அதைத் தொங்கவிட்டுவிட்டு, தன் ஐந்தாவது கூட்டை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அக்கா, அதை மட்டும் கழட்டிடலாமா? பார்க்கவே மானம் போகுது."

"தொங்கவிட்டதைத் தொடாதே!"

"அது தப்பான கூடுக்கா!"

"தப்புதான். அதனாலதான் இருக்கணும்," என்றாள் மினுக்கி. "நாளைக்கு உன்னை மாதிரியே ஒரு கெட்டிக்காரன் மண்ணு எதுக்குன்னு கேட்டுட்டு வருவான். அவனுக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?"

நாரனே போய், குளக்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு முட்டை ஓட்டுத் துண்டைத் தேடி எடுத்துவந்தான். ஐந்து முடிச்சுக் கூட்டின் வாசலில் அதைச் செருகினான். பார்க்க வருகிறவர்கள் கேட்காமலே அதன் கதை தெரிந்துகொள்ளட்டும் என்றான். எதிர்க்கரைப் பனைமரத்தில் மஞ்சியின் குஞ்சுகள் பசியில் கத்தத் தொடங்கின. அவன் இரை தேடப் பறந்தான்.

புதியது எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்கு முன்னால் செய்தவற்றைச் சரியானதும் தவறானதுமாக அப்படியே காத்து வைக்க வேண்டும். வழி தவறும்போது திரும்பிப் போக நமக்கு இருப்பது அது ஒன்றுதான்.