வாழைத்துண்டில் ஊதா விரல்கள்

“பிடி! வாலைப் பிடி! ஓடைக்குள்ள இறங்கிட்டா அப்புறம் பிடிக்க முடியாது!”

காட்டுப்பன்றி கத்திக்கொண்டே வந்தது. அதன் பின்னால் முயல். அதற்கும் பின்னால் நரி. மூவருக்கும் முன்னால் நீர்நாய்க்குட்டி ஆரல் விழுந்தடித்து ஓடியது. மருத மரத்து நிழல்தான் அந்தக் காட்டுப் பள்ளிக்கூடம். ஆரல் நிழலுக்குள் பாய்ந்து டீச்சரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

டீச்சர் ஒரு மந்தி. மணியடிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது.

“என்ன இது? பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து பிள்ளையை விரட்டறீங்க?”

“பிள்ளையா இது?” பன்றிக்கு மூச்சிரைத்தது. “இன்னைக்கு எத்தனை பேரு வந்திருக்காங்க, எண்ணிப் பாருங்க டீச்சரம்மா!”

எண்ண வேண்டியதில்லை. இருபத்திரண்டு பேரில் ஆறு பேர்தான். மற்ற இடங்களில் சருகு கிடந்தது.

“பதினாறு பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு. என் வீட்டுல மட்டும் ரெண்டு. இந்த நீர்நாய்க்கு மட்டும் ஒண்ணும் இல்ல! ஒரு நாள் லீவு போட்டிருக்கா? எப்படி?”

“நான் கேள்விதான் கேக்கறேன்,” என்றது நரி. “ஓடையில குடியிருக்கிறது யாரு? அந்தத் தண்ணியக் குடிக்கிறது யாரு? நான் யாரையும் சொல்லல.”

“நான் எதுவும் கலக்கல!” என்று ஆரல் காலுக்குப் பின்னாலிருந்து கத்தியது.

“வாயை மூடு! டீச்சரம்மா கையால குடுக்கிற பழத்தையே தண்ணியில முக்கிட்டுத்தான் திம்பே. எல்லாப் பிள்ளைக்கும் ஆகிற கை உனக்கு மட்டும் ஆகாதோ? என்ன திமிரு!” என்று உறுமியது பன்றி.

 அந்த விஷயம் டீச்சருக்குள்ளும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பெயரைக் கூப்பிட்டதும் “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்க வேண்டும். டீச்சர் ஒரு துண்டுப் பழத்தைத் தன் கையால் வாயில் வைப்பார். அதற்கு வருகைப் பழம் என்று பெயர். அதற்காகவே மழையிலும் குட்டிகள் வந்தன. பக்கத்துக் காட்டு யானை ஒன்று இதைப் பார்க்க வந்து கண்கலங்கிப் போனதாகச் சொல்வார்கள்.

ஆரல் மட்டும் வாயைத் திறக்காது. துண்டை முன்னங்காலில் வாங்கி ஓடைக்குப் போகும். முக்கி எடுத்து, முன்னங்கால்களையும் அலசிக்கொண்டுதான் தின்னும். “ஏன் ஆரல்?” என்று டீச்சர் ஒரு முறை கேட்டார். “எங்க வீட்டுல அப்படித்தான் டீச்சர்,” என்றது. அதற்கு மேல் அதற்கும் தெரியவில்லை.

“வருகை எடுக்கிற வரைக்கும் பொறுங்க,” என்றார் டீச்சர்.

“எடுங்க. முடிச்சதும் இவளும் இவ அம்மாவும் ஓடையை விட்டுப் போயிடணும். மலைக்கு அந்தப் பக்கம். தானாப் போகலேன்னா நாங்க போக வைப்போம்!” என்றது பன்றி.

மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடையாது. வெறும் பாறை. நீர்நாய்கள் அங்கே எத்தனை நாள் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

 முயலின் கடைக்குட்டி தும்பை ஏழு நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை. மேலே கிளையில் அணிலம்மா உட்கார்ந்திருந்தது. அதன் குட்டி வரியன் இதே நோயில் பத்து நாளுக்கு முன்பு இறந்துவிட்டது.  அணிலம்மா கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.

டீச்சருக்குக் களைப்பாக இருந்தது. விடிந்ததிலிருந்து வீடு வீடாகப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். வராத பிள்ளைகளை அவர் தினமும் போய்ப் பார்ப்பார். வயிற்றுப்போக்குக்கு நல்லதென்று இன்று நாவற்பழம் பிழிந்து ஒவ்வொரு வாயிலும் விட்டார். பன்றியின் தோளில் தட்டித் தைரியம் சொன்னார். கடைசியாக முயல் வளை. அங்கே தும்பைக்குப் படுத்த இடத்திலேயே வயிற்றால் போயிருந்தது. டீச்சர் அருவருப்புப் பார்க்கவில்லை. இலையால் துடைத்துவிட்டுப் புது இலை பரப்பினார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அப்படியே ஓடி வந்தார்.

இப்போது ஒரு வாழைப்பழத்தை உரித்துத் துண்டு துண்டாகக் கிள்ளினார்.

“கீரன்!”

“உள்ளேன் டீச்சர்!” கீரிக்குட்டி வாயைத் திறந்தது. பழம் உள்ளே போனது.

ஐந்து பெயர்கள். ஐந்து வாய்கள் திறந்து மூடின. பன்றி பொறுமையில்லாமல் மண்ணைக் கிளறியது.

“ஆரல்!”

“உள்ளேன் டீச்சர்.”

ஆரல் முன்னால் வந்தது. முன்னங்காலை நீட்டவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

டீச்சர் திகைத்தார். “ஓடைக்குப் போகலையா ஆரல்?”

“வேண்டாம் டீச்சர். இப்படியே குடுங்க. நானும் எல்லாரையும் மாதிரி தின்னுடறேன். எங்களைப் போகச் சொல்லாதீங்க.”

“பார்த்தீங்களா!” பன்றி சிரித்தது. “பயம் வந்ததும் திமிரு எங்க போச்சு!”

டீச்சர் துண்டை ஆரலின் வாயருகே கொண்டுபோனார். குட்டியின் உதடு நடுங்கிக்கொண்டிருந்ததால் ஒரு கணம் நிறுத்தினார். அப்போதுதான் பார்த்தார்.

வெள்ளை வாழைத்துண்டின் மேல் ஊதாவாக விரல் அடையாளங்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் விரல்கள்.

டீச்சர் துண்டைத் தூர வீசினார்!

“கீரன், வாயைத் திற!”

கீரன் திறந்தது. உதட்டோரம் ஊதா.

“உனக்கு யாரு நாவற்பழம் குடுத்தா?”

“யாரும் குடுக்கல டீச்சர். நீங்க குடுத்த வாழைப்பழம்தான்.”

அடுத்த குட்டிக்கு மோவாயில் ஊதா. அதற்கடுத்த குட்டிக்கு நாக்கில். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். மணியடிக்கும் கட்டையில் ஊதா. பன்றியின் தோளில், காலையில் தட்டிக்கொடுத்த இடத்தில், நான்கு விரல் ஊதா.

“என்னாச்சு டீச்சரம்மா?” என்றது பன்றி. “பழம் கெட்டுப்போச்சா?”

டீச்சர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முயல் மெதுவாக முன்னால் வந்தது. காலையிலிருந்து அது பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“தும்பைக்குத் துடைச்சுவிட்டது இந்தக் கைதானே டீச்சரம்மா?”

“ஆமா.”

“அப்புறம்?”

“அப்புறம் இங்க வந்தேன்.”

“நடுவுல?”

  நடுவில் ஓடை இருந்தது. டீச்சர் தினமும் அதைத் தாண்டித்தான் வருவார். கல்லுக்குக் கல் தாவி, கை நனையாமல்.

“இருக்காது!” பன்றி அலறியது. “டீச்சரம்மா கை சாமி மாதிரி! அதுலபோய் நோயா? இந்த நீர்நாய்தான் ஏதோ மாயம் பண்ணுது!”

“சாறு கண்ணுக்குத் தெரியுது,” என்றார் டீச்சர். குரல் அவருடையது போல இல்லை. “அது போன இடமெல்லாம் தெரியாத ஒண்ணும் போயிருக்கு. தினமும். ஒவ்வொரு வாய்க்கும். நான்தான் வச்சேன்.”

 நரிகூட எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

டீச்சர் தலையைத் தூக்கி மேலே கிளையைப் பார்த்தார்.

“வரியன் நல்லாத்தான் இருந்தான். கிளைக்குக் கிளை தாவிக்கிட்டிருந்தான். அன்னைக்கு முள்ளம்பன்றி வீட்டுக் குட்டியைத் துடைச்சுவிட்டு வந்து அவனுக்குப் பலாச்சுளை குடுத்தேன்.” கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “இன்னொண்ணு கேட்டான். குடுத்தேன்.”

அணிலம்மா டீச்சரைப் பார்த்தது. வால் ஒரு முறை விறைத்தது. பிறகு கிளை காலியாக இருந்தது.

டீச்சர் ஓடைக்கு ஓடினார். மண்ணை அள்ளித் தேய்த்தார். பூந்திக்கொட்டையை உடைத்து நுரை வரத் தேய்த்தார். தண்ணீர் ஊதாவாக ஓடியது. மறுபடி தேய்த்தார். உள்ளங்கை சிவந்து எரிந்தது. நகக்கண்ணில் மட்டும் ஊதா நின்றது.

“மலைக்கு அந்தப் பக்கம் போகவேண்டியது நான்தான்,” என்றார்.

“போயிட்டா தும்பை எழுந்ததும் யாருகிட்ட படிக்கும்?” முயல் அவர் பக்கத்தில் வந்து முன்னங்கால்களை ஓடையில் விட்டது. “நானும் ஏழு நாளா அதுக்குத் துடைச்ச காலோடதான் மத்த குட்டிங்களுக்குப் புல்லு குடுத்தேன். நீங்க மட்டுமில்ல. அந்தக் கொட்டையை இப்படிக் குடுங்க.”

பன்றி தன் குளம்புகளைக் குனிந்து பார்த்தது. வந்து தண்ணீரில் இறங்கியது.

“எனக்குக் கையே கிடையாது,” என்றது நரி. “காலுதான்.”

“அதைக் கழுவு!” என்று முயல் கத்தியது.

ஆரல் இன்னும் மரத்தடியிலேயே நின்றது.

“டீச்சர், நாங்க போகணுமா?”

“இல்ல. நீ போய் உன் இடத்துல உட்காரு.”

பன்றி அப்போது எங்கோ ஒரு மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மருத மரத்தில் ஒரு பெரிய மூங்கில் குழாய் தொங்கியது. டீச்சரும் முயலும் கட்டியது. உள்ளே ஓடைத் தண்ணீர். அடியில் ஒரு துளை. துளையில் ஒரு சின்னக் கட்டை அடைப்பு. கீழே இலையில் பூந்திக்கொட்டை நுரை. இனி முதலில் கை, பிறகுதான் பெயர் என்றார் டீச்சர். யாருடைய வாயிலும் யாரும் ஊட்டுவதில்லை. அவரவர் கழுவிய கையால் அவரவர் பழம். உடம்பு சரியில்லாத குட்டி வீட்டிலேயே இருக்க வேண்டும். டீச்சர் பார்க்கப் போவார். போய் வந்ததும் பள்ளிக்குள் நுழையும் முன்பே முழங்கை வரை தேய்ப்பார்.

குட்டிகளுக்கு அடைப்பு எட்டவில்லை. முதல் நாள் தாவித் தாவிப் பார்த்தன. இரண்டாம் நாள் அவை வந்தபோது குழாயின் மேல் அணிலம்மா உட்கார்ந்திருந்தது. ஒரு குட்டி வந்தால் அடைப்பை எடுத்தது. கழுவி முடித்தால் மறுபடி செருகியது. 

அந்த வாரம் பத்துப் பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினேழு. பன்னிரண்டாம் நாள் தும்பை வந்தது. எலும்பும் தோலுமாக, அப்பா முயலின் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தது. “உள்ளேன் டீச்சர்” என்று அது சொன்னபோது குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாக் குட்டிகளும் குதித்தன.

மாதம் முடிவதற்குள் இருபத்திரண்டு இடங்களும் நிறைந்தன. வரியன் உட்கார்ந்திருந்த இருபத்திமூன்றாவது இடத்தில் யாரும் உட்காரவில்லை.

அன்று காலை கடைசிக் குட்டியும் கழுவிவிட்டு நிழலுக்குள் போனது. டீச்சர் மட்டும் வெளியே நின்றார். ஓடைக்கு மறுபக்கம் நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தினமும் அவர் ஓடையிலேயே கழுவிக்கொள்வார். குழாய்ப் பக்கம் வந்ததில்லை. இன்று வந்தார். குழாயின் மேலே பார்க்காமல் இரண்டு கைகளையும் நீட்டினார்.

வகுப்புக்குள் ஆரல் கீரனின் வாலை மிதித்துவிட்டதென்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

அணிலம்மா கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தது. பிறகு குனிந்து அடைப்பை எடுத்தது.

எவ்வளவு அன்பான கையானாலும், கழுவாத கை குழந்தைக்கு நோயைத்தான் ஊட்டும்.