சிறுத்தை உட்கார்ந்த தினைப் பானை

தேன்பாறை மலையில் பூவாயி என்றொரு கரடி இருந்தாள். தினையை முளைகட்டி, காயவைத்து, இடித்து, காய்ச்சி, தினைக் கள்ளுக்கு ஊறல் போடுவதில் அவளை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அவள் போடும் ஊறல் நாலைந்து நாள் நுரைத்து அடங்கினால், மணம் ஏழு குன்று தாண்டிப் போகும்.

அந்த வருஷம் தினை நல்ல விளைச்சல். கொண்டாட்டத்துக்கென்று எல்லா மிருகங்களும் ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து கொடுத்தன. பூவாயி பெரிய மண்பானையில் காய்ச்சினாள். ஆறவைத்தாள். தேன் ஊற்றினாள். பழைய பானையின் அடியில் தங்கியிருந்த மண்டியை அள்ளிக் கலக்கினாள். மேலே லேசாக ஒரு தேக்கிலையைப் போட்டுக் குகைக்குள் வைத்தாள். மறுநாள் காலையிலேயே பானை புசுபுசுவென்று நுரைக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை வந்து நின்றது. அதுதான் மலைக்குத் தலைவர். அதன் வாலைப் பிடித்தாற்போல உடும்பும் வந்தது.

"ஏ பூவாயி! அடுத்த மலைப் புலி இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு விருந்தாளியா வர்றார். இந்தப் பானை எனக்கு வேணும்!"

"இது எல்லாரும் சேர்ந்து போட்ட பானை, தலைவரே. இன்னும் பாதிகூட ஆகலை. இப்பக் குடிச்சா கஞ்சி மாதிரிதான் இருக்கும்."

"சாயங்காலத்துக்குள்ள ஆக்கு!"

"ஆகாது!"

உடும்பு ஒருதரம் சிறுத்தையின் முகத்தைப் பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது.

பூவாயி விடவில்லை. "சீக்கிரம் ஆக வழி எனக்கும் தெரியும். மண்டியைக் கூடுதலாப் போடணும். போட்டாச்சு. குளிர் தாக்காம காய்ஞ்ச புல்லைச் சுத்தி வைக்கணும். வச்சாச்சு. இனி அதுவா ஆகணும். நான் அதட்டினாலும் ஆகாது, நீங்க உறுமினாலும் ஆகாது!"

"அப்படியா? சாயங்காலம் பானை தயாராகலேன்னா, இந்தக் குகையை விட்டு நீ கிளம்பணும்!"

பூவாயியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவளுக்குப் பிரசவ நேரம். மழையோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. நனையாத குகை அந்த மலையில் அது ஒன்றுதான்.

பக்கத்து வளை முள்ளம்பன்றி தலையை நீட்டிக் கிசுகிசுத்தது. "அக்கா, எதுக்கு வம்பு? சரின்னு சொல்லிடுங்களேன்."

"நான் சரின்னு சொன்னா, பானை கேட்டுக்குமா தம்பி?"

உடும்பு முன்னால் வந்தது. "தலைவரே, பானைக்குச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்! காலையில எனக்கும் கால் நகராது. பாறையில படுத்து வெயில் காய்ஞ்சேன்னா அம்பு மாதிரி ஓடுவேன். இதையும் பாறையில வைப்போம்!"

"வெதுவெதுப்பு வேற, கொதிக்கிற பாறை வேற. அது தாறுமாறாப் பொங்கும். நான் தூக்கமாட்டேன்!" என்றாள் பூவாயி.

சிறுத்தை காட்டுப்பன்றிகளை முறைத்தது. பன்றிகள் பயந்துபோய்ப் பானையை வெளியே தூக்கிக்கொண்டு வந்து பாறை மேல் வைத்தன. வேடிக்கை பார்க்கக் காடே கூடிவிட்டது.

வெயில் ஏற ஏறப் பானை பொங்கியது. நுரை விளிம்பு தாண்டி வழிந்தது.

"ஐயையோ! சத்தெல்லாம் நுரையா ஓடுது!" என்று அலறியது உடும்பு. "மூடி வச்சா உள்ளேயே நின்னு சீக்கிரம் ஏறும். அதோட, பானையில மட்டமும் இறங்கியிருக்கு தலைவரே. இவ திருட்டுத்தனமாக் குடிச்சிருக்கா!"

"வயித்துல குட்டியை வச்சுக்கிட்டு நான் குடிப்பேனா? முதல்ல உன் மூக்கைத் துடைடா, நுரை ஒட்டியிருக்கு!"

குரங்குகள் கெக்கெக்கே என்று சிரித்தன. உடும்பு அவசரமாக மூக்கைப் பாறையில் தேய்த்தது.

சிறுத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "பூவாயி! பானையை மூடு!"

"மூடமாட்டேன்! அது மூச்சு விடுது. அடைச்சா வெடிக்கும்!"

"குகை போயிடும்!"

"போனாப் போகட்டும்! மழையில மரத்தடியில பெத்துக்கிறேன். என் கையால அதை அடைக்கமாட்டேன்!"

சொல்லிவிட்டு அவள் குகை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உடும்பே ஒரு தட்டைக்கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தது. பன்றிகள் பிடித்துத் தூக்கிப் பானை மேல் வைத்தன. சுற்றிலும் ஈரக் களிமண்ணை அப்பியது உடும்பு. கொஞ்ச நேரத்தில் கல் லொடக் லொடக்கென்று ஆட ஆரம்பித்தது.

"என்னையே எதிர்க்குதா இது?" சிறுத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "எத்தனை மானை அமுக்கிப் பிடிச்சிருக்கேன்! இந்த மண்பானை எனக்கு எம்மாத்திரம்?"

ஒரே தாவு. கல்லின் மேல் ஏறிக் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டது.

பூவாயி பதறி எழுந்தாள். "தலைவரே, எறங்குங்க! அடிபடப் போறீங்க!"

"வாயை மூடு!"

அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. மற்ற மிருகங்களைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் தள்ளிப் போங்க! முயலே, குட்டிகளைத் தூக்கு! பாறைக்குப் பின்னால ஓடுங்க!"

கல் ஆட்டம் நின்றது. புசுபுசு சத்தமும் நின்றது.

உடும்புக்கு ஒரே குஷி. "பார்த்தீங்களா தலைவரே? உங்க பாரத்துக்கு அடங்கிப்போச்சு!"

டமார்!

கல் ஒரு பக்கம் பறந்தது, சிறுத்தை ஒரு பக்கம் பறந்தது. மேலே போன தலைவர் ஒரு சுற்றுச் சுற்றிச் சூரைமுள் புதருக்குள் போய் விழுந்தார். காது, மீசை, வால் எல்லாம் தினைக் கூழ். உடைந்த பானையின் ஓடு ஒன்று உடும்பைக் கவிழ்த்து மூடியது. உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது. தேன் வாசனைக்கு எறும்புகள் சாரை சாரையாகக் கிளம்பின.

சொன்னபடி புலி வந்து சேர்ந்தது. புதரை எட்டிப் பார்த்தது. மோந்து பார்த்தது.

"விருந்துன்னு கூப்பிட்டீங்க. கஞ்சியைத் தலையில ஊத்திக்கிட்டு முள்ளுக்குள்ள உட்கார்ந்திருக்கீங்க! உடம்பைப் பார்த்துக்குங்க, நான் வர்றேன்."

வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

சிறுத்தை நொண்டிக்கொண்டே வெளியே வந்தது. "எல்லாம் உன்னாலதான்! கிளம்பு, குகையை விட்டு இப்பவே கிளம்பு!"

பூவாயி குகை வாசலில் பின்னங்காலை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். "போகமாட்டேன்! மூடினது உடும்பு, மேலே உட்கார்ந்தது நீங்க. எல்லார் தினையும் மண்ணாப் போச்சு. அதுக்கு நான் ஏன் வீட்டை விடணும்?"

சிறுத்தை ஓரடி முன்னால் வைத்தது.

அப்போது சரசரவென்று ஒரு சத்தம். முள்ளம்பன்றி முள்ளையெல்லாம் விரித்துக்கொண்டு பூவாயியின் பக்கத்தில் வந்து நின்றது.  

"அக்கா போகமாட்டாங்க!"

"எங்க தினைக்கு முதல்ல பதில் சொல்லுங்க!" என்று பன்றிகள் முன்னால் வந்தன. முயல்கூட வந்தது. குரங்குகள் மரத்திலிருந்து இறங்கின.

சிறுத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. உடம்பில் ஏறிய முள்ளே இன்னும் குத்திக்கொண்டிருந்தது. எதிரே இன்னும் நூறு முள். கூழ் சொட்டச் சொட்ட மலையிறங்கிப் போனது.

அன்று இரவே மழை கொட்டியது. பூவாயி தன் குகையிலேயே, காய்ந்த தரையில், இரண்டு குட்டிகளை ஈன்றாள்.

உள்ளே பொங்குவதை அடைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து அவசரப்படுத்துகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், அது வெடிக்கும்போது முதலில் தூக்கியெறியப்படுவது அவர்தான்.