வாலாட்டியின் ஆசான்கள்

மலையடிவாரத்து மடத்தில் திருவம்மைக்கு இருந்த பொறுமை அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது. காரணம் ஒரு கூண்டு. அப்புறம் அதைவிட்டு அசையாத நல்லசிவம்.

நல்லசிவம் அவளுடைய சீடர். ஆனால் வயதில் அவளைவிட மூத்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஞானம் தேடி மலைக்கு வந்த மனுஷர். ஐப்பசியில் ஒரு வாலாட்டிக் குருவியைப் பூனை வாயிலிருந்து மீட்டு, புழு ஊட்டிக் காப்பாற்றினார். அதன் சிறகு ஆறி மாதங்கள் ஆகிவிட்டன. கூண்டைத் திறக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

பங்குனி பிறந்ததும் ஓடைக்கரை வாலாட்டிகள் இமயத்துக்குக் கிளம்பின. கூண்டிலிருந்தது வடக்குக் கம்பியில் போய்ப் போய் மோதியது. கூண்டைத் திருப்பி வைத்தால் அதுவும் திரும்பிக்கொண்டு மறுபடி வடக்கிலேயே மோதியது.

அவ்வளவுதான், ஊர் கூடிவிட்டது. கயிலாயத்தைக் கும்பிடுகிற பறவையாம்! ஆளாளுக்குப் பூ கொண்டுவந்து கூண்டின்மேல் போட்டார்கள். நல்லசிவம் எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். திருவம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தியில் கூட்டம் கலைந்ததும் நல்லசிவம் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"இன்னுமா?"

"துணி போட்டு மூடினாலும் அதுக்கு வடக்கு தெரியுதே. யார் சொல்லிக்கொடுத்தது? அதுக்கு ஆசான் யாரு?"

"ஒருத்தரா ரெண்டு பேரா? ஏகப்பட்ட பேர்."

"எங்கே இருக்காங்க?"

"செத்துப்போயிட்டாங்க."

நல்லசிவம் கண்ணை மூடிக் கைகூப்பினார். திருவம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையை இறக்குங்க ஐயா! சொல்றதைக் கேளுங்க. இதோட பாட்டன் பூட்டன் எல்லாம் ஒரே திசையா பார்த்துச்சு? சிலது கிழக்கே திரும்பிக் கடல்ல விழுந்துச்சு. சிலது நகரவே இல்லை, கோடையில ஓடை வத்தினதும் இங்கேயே காய்ஞ்சு செத்துச்சு. வடக்கே போனதுதான் முட்டை வச்சுது. குஞ்சும் அதே புத்தியோட பொறந்துச்சு."

"அப்போ போய்ச் சேர்ந்ததுதானே ஆசான்?"

"அது பெத்துது. சொல்லிக்கொடுத்தது, போகாம செத்த மத்ததுங்க."

நல்லசிவம் வெகுநேரம் தலையாட்டினார். "ஆகா! என்ன பெரிய உண்மை! நாளைக்கு வர்ற சனங்களுக்கு இதைச் சொல்லணும் அம்மா."

சொல்லிவிட்டு மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு கூண்டருகே போய் உட்கார்ந்தார். மோதி மோதிக் குருவியின் நெற்றி கிழிந்து ரத்தம் கசிந்தது. கம்பிக்குள் விரலை விட்டு மஞ்சள் தடவினார். அது உதறிக்கொண்டு போய் மறுபடியும் வடக்கே மோதியது.

இந்த மனுஷருக்கு எதைச் சொல்லி என்ன பிரயோசனம் என்றிருந்தது திருவம்மைக்கு.

"திறந்து விட்டாத்தான் என்ன ஐயா?"

"ஐயோ, வழியில வல்லூறு அடிச்சிட்டா? இத்தனை நாள் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன். இங்கே அதுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அதையும் ஆசான் ஆக்கிட்டிருக்கீங்க."

நல்லசிவம் மஞ்சள் ஒட்டிய விரலால் கூண்டுக் கதவின் கொக்கியைத் தடவித் தடவித் தேடினார்.