மேகநாதன் பூட்டிய மேஜை

"லேப்டாப்பை இந்த மேஜையோட கேபிள் லாக் போட்டுப் பூட்டியிருக்கேன். நான் வர்ற வரைக்கும் அது அசையக் கூடாது. மேஜையில வேற யாரும் கை வைக்கக் கூடாது. மீறினா உனக்கு இங்கே வேலை இருக்காது!"

மேகநாதன் கத்தியது கஃபே முழுக்கக் கேட்டது. கட்டடமே அவருடையது என்பதால் கஃபே முதலாளி வாயைத் திறக்கவில்லை. அவர் மிரட்டியது பரிமாறுகிற ஜெசிந்தாவைத்தான். தினமும் இதே கூத்து. ஒரு காபி குடிப்பார், பூட்டுவார், ஊர் சுற்றப் போய்விடுவார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள்கூட அந்த இடத்தில் வந்து உட்காரத்தான் செய்வார்கள்.

மதியம் கூட்டம் அலைமோதியது. சாப்பாட்டுத் தட்டோடு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெசிந்தா பூட்டிய மேஜையைச் சுற்றியிருந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்து, பக்கத்து மேஜைகளில் போட்டு, அவர்களை உட்காரவைத்தாள்.

மேகநாதன் திரும்பி வந்தார்.

"என் நாற்காலி எங்கே? உன்னை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன் பார்!"

"சார், லேப்டாப் அசையவே இல்லை. மேஜையில ஒரு ஈகூட உட்காரலை. நாற்காலியும் வேணும்னா அதையும் சேர்த்துப் பூட்டிட்டுப் போயிருக்கணும்."

முதலாளிக்கு அப்போதுதான் வாய் வந்தது. "நீங்க சொன்னபடிதானே சார் செஞ்சிருக்கா? எதுக்கு அனுப்பணும்?"

சுற்றிலும் ஒரே சிரிப்பு. கோபித்துக்கொண்டு கிளம்பலாமென்றால், உடனே ஒரு மெயில் அனுப்பியாக வேண்டும். மேகநாதன் குனிந்து நின்றபடியே லேப்டாப்பில் தட்டிப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்லோரும் தயிர்சாதத்தில் மும்முரமாக இருந்தார்கள்.

"யாராவது ஒரு நாற்காலி குடுங்களேன், ப்ளீஸ்!"